நொச்சித் தண்ணீர்

என் வேலை கிருமிகளைக் கொல்வது. கண்ணாடித் தட்டில் கொல்வது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தட்டை விட்டுவிட்டுச் சொன்னால் என்னைப் பெரிய ஆளாக நினைத்துவிடுகிறார்கள். பஸ்ஸிலோ கல்யாணப் பந்தியிலோ யாராவது என்ன வேலை என்று கேட்டால், காலேஜில் டீச்சர் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மீறிச் சொன்னால் போதும், "எங்க மாமியாருக்குக் கால்ல ஒரு புண்ணு, ஆறவே மாட்டேங்குது, அதுக்கு ஏதாவது..." என்று ஆரம்பித்துவிடுவார்கள். முன்பெல்லாம் அப்படிக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

வீடு ஏம்பலத்தில். மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். பாடம் நடத்தியது போக மீதி நேரத்தில் என்னுடைய ஆராய்ச்சி, செடிகளின் வாசனை எண்ணெய். அதிலும் பெரும்பாலும் நொச்சி. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. எங்கள் கரும்புக் கொல்லையை ஒட்டி ஓடும் வாய்க்கால் கரை முழுக்க நொச்சிதான். வெட்ட வெட்டத் தழைக்கும். யாரையும் கேட்க வேண்டாம்.

எண்ணெய் எடுப்பது ஒன்றும் வித்தை இல்லை. உருண்டைக் குடுவையில் தழையையும் தண்ணீரையும் போட்டுச் சூடேற்றினால், ஆவி வாசனையைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். குளிர்ந்த குழாய்க்குள் நுழைந்ததும் மறுபடி நீராகி ஒரு மெல்லிய கண்ணாடிக் குழலில் சொட்டும். தண்ணீர் கீழே நிற்கும், எண்ணெய் மேலே மிதக்கும். காலையில் அடுப்பேற்றினால் கொஞ்ச நேரத்திலேயே வெளிர்மஞ்சளாக ஒரு கோடு தெரிய ஆரம்பிக்கும். முதலில் வருவதில்தான் எண்ணெய் அதிகம். போகப் போக வெறும் தண்ணீர்தான் சொட்டும். அந்தத் தண்ணீரும் கமகமவென்று மணக்கும், ஆனால் அதில் சரக்கு கிடையாது. அதைத் தொட்டியில் கொட்டிவிடுவோம்.

தழையை வெட்டித் தந்தவர் என் வீட்டுக்காரர். யூரியா சாக்கில் திணித்து வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு கல்லூரி வாசல்வரை வந்து இறக்கிவிட்டுப் போவார். காவல்காரர் பார்த்து, "மேடம், மாட்டுக்குத் தழை வந்துருக்குது" என்பார். ஒருநாள் வீட்டுக்காரரே மேலே வந்து என் மேசையில் இருந்த குழலைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு சாக்குத் தழைக்கு இவ்ளோதானா? மூக்குல வுட்டாகூட பத்தாது."

"அதுவே அதிகங்க" என்றேன்.

"இதுக்கு ஒரு காலேஜி, அதுக்கு ஒரு லேப்பு, அதுல ஒரு ஏசி" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். சாக்கு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது அவர் கேட்பது ஒரே கேள்விதான். "இன்னிக்கு எத்தினி செத்துச்சி?" நான் போனை எடுத்து அன்றைய தட்டுகளின் படத்தைக் காட்டுவேன். கிருமியைத் தட்டு முழுக்கப் பூசி, எண்ணெயில் நனைத்த சின்னக் காகித வட்டம் ஒன்றை அதன்மேல் வைத்து, வெதுவெதுப்பான பெட்டிக்குள் மறுநாள்வரை விட்டுவிடுவோம். எண்ணெய் வேலை செய்தால் காகிதத்தைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் தெளிவாக ஒரு வளையம் விழும். வேலை செய்யவில்லை என்றால் கிருமி காகிதத்தின் ஓரம்வரை வந்து முட்டிக்கொண்டு நிற்கும். படம் பார்க்க அவருக்குப் படிப்பு தேவைப்படவில்லை. வளையம் பெரிதாக இருந்தால், "களை மருந்து அடிச்சா மாதிரி இருக்குது" என்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சாயங்காலங்களில் பேசிக்கொள்ள எங்களுக்கென்று இருந்தது கரும்பும் கிருமியும்தான்.

அவருக்குச் சர்க்கரை வியாதி வந்து வெகுநாளாகிவிட்டது. கரும்பு போடுகிறவருக்குச் சர்க்கரையா என்று ஆஸ்பத்திரியில் ஆளாளுக்குக் கேட்டுச் சிரித்தார்கள். நர்ஸ் சிரித்தார், பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார், ஊசி போட வந்த பையன் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு இப்போதும் ஆகாது.

தை மாதம் ஒரு கொல்லையில் வெட்டு முடிந்திருந்தது. அறுத்த கரும்பின் அடிக்கட்டைகள் ஈட்டி மாதிரி நிற்கும். நிலத்தில் செருப்புப் போட்டு நடக்கிற ஆள் இல்லை அவர். அது ஒரு வணக்கம் மாதிரி, இந்தப் பக்கத்தில் பழைய ஆட்கள் யாரும் போடமாட்டார்கள். ஒரு கட்டை அவருடைய இடது பாதத்தில் ஏறியிருக்கிறது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்ததால் அவருக்கு வலியே தெரியவில்லை. போர்செட் மோட்டார் தண்ணீரில் கால் கழுவும்போது தண்ணீர் சிவப்பாக ஓடுவதைப் பார்த்துத்தான் குனிந்து பார்த்தாராம். எனக்குச் சொல்லவில்லை. ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த கொல்லையில் வெட்டுக்கு ஆள் பிடிக்கப் போய்விட்டார். வீட்டில் நாற்றம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பாண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இளம் வயதுக்காரர், அதட்டாமல் பேசினார்.

"ரெண்டு விரல எடுத்துட்டா காலைக் காப்பாத்தலாம். இப்பவே செஞ்சா நல்லது."

"வெட்டு முடியட்டும் சார்" என்றார் இவர். "ஆளுங்க வந்துட்டாங்க. வுட்டா கரும்பு காஞ்சி பூடும்."

"கரும்ப அடுத்த வருசம்கூட வெட்டலாம்."

"அத்த நீங்க எப்டி சார் சொல்றீங்க" என்று இவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நானும் டாக்டரும் தோற்றோம். நான் கெஞ்சினேன், திட்டினேன், வரும் வழியெல்லாம் பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். ஊசியும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

வீட்டில் கட்டுப் பிரித்துக் கட்டுவது என் வேலை. ஒருநாள் புண்ணில் பஞ்சுக் குச்சியை ஒற்றிக் கல்லூரிக்கு எடுத்துப்போனேன். ஆஸ்பத்திரியிலும் அதே பரிசோதனைக்குக் கொடுத்திருந்தோம், முடிவு வர நாளாகும் என்றார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மறுநாள் தட்டில் பொன்னிறப் புள்ளிகளாக முளைத்திருந்தது. பாடப் புத்தகத்தில் முதல் அத்தியாயத்திலேயே வரும் கிருமி, எங்களுக்கெல்லாம் பழைய சிநேகிதம். அதைத் தனியாகப் பிரித்து, புதுத் தட்டில் பூசி, கையிலிருந்த ஆண்டிபயாட்டிக் வட்டங்களை வரிசையாக வைத்தேன். ஓரத்தில் இடமிருந்தது. எப்போதும் வைப்பதுபோல் நொச்சி எண்ணெயையும் ஒன்று வைத்தேன்.

அடுத்த நாள் பெட்டியைத் திறந்து தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மருந்து வட்டங்களில் பெரும்பாலானவற்றைச் சுற்றி ஒன்றுமே இல்லை. கிருமி ஓரம்வரை முட்டிக்கொண்டு நின்றது. நொச்சியைச் சுற்றி மட்டும் வட்டமாக, சுத்தமாக, தரை துடைத்ததுபோல ஒரு வளையம்.

அன்று சாயங்காலமும் அவர் கேட்டார். நானும் எப்போதும்போல் போனைக் கொடுத்தேன். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது யாருது?"

"உங்களுதுதான். உங்க கால்ல இருந்து எடுத்தது."

"இந்த வளையம்?"

"நொச்சி."

"நம்ம வாய்க்கா நொச்சியா?"

"ஆமாங்க."

வெகுநாள் கழித்து அவர் முகம் தெளிந்ததை அன்று பார்த்தேன். கட்டில் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் உடனே பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தட்டில் கிருமி மேலாக மெல்லிசாகப் படர்ந்திருக்கும், எண்ணெய் நேராகப் போய்த் தொடும். காலில் அது சீழுக்கும் செத்த சதைக்கும் அடியில், எலும்பு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. இந்த எண்ணெய் காற்றுப் பட்டால் பறந்துவிடும் சாதி. இதில் சாபினீன், காரியோபிலீன், சினியோல் என்று வாசனைச் சரக்குகளின் கூட்டமே இருக்கிறது, மழைக்கு முன் வெட்டிய தழையில் ஒன்று கூடும், மழைக்குப் பின் இன்னொன்று கூடும், அளவு நிலையில்லாதது. இவையெல்லாம் கிருமியின் மேல்தோலில் புகுந்து அதைத் தளர்த்துகின்றன, உள்ளே இருப்பது ஒழுகிக் கிருமி சாகிறது. நம்முடைய சதைக்கும் அதே மாதிரித் தோல்தான். கிருமி எது, ஆள் எது என்று எண்ணெய்க்குத் தெரியாது. கிருமியைக் கொல்லுமளவுக்குப் புண்ணில் ஊற்றினால் மிச்சமிருக்கிற நல்ல சதையும் வெந்துபோகும். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். காலுக்கு ரத்தமே சரியாகப் போகவில்லை, அதனால்தான் ஊசி மருந்தும் அங்கே போய்ச் சேரவில்லை.

வகுப்பில்கூட நான் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அவர் முழுவதும் கேட்டார். பிறகு கேட்டார்.

"அப்ப இத்தினி வருசமா இன்னாத்துக்குடி இத்த செஞ்சிக்கினு இருக்கற?"

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அடுப்பில் பால் வைத்திருந்தேன், அதைப் பார்க்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

அதற்கப்புறம் தினமும் நச்சரிப்பு. ஒரே ஒரு தடவை போட்டுப் பார், காலையே இழக்கப்போகிறவனுக்குச் சதை வெந்தால் என்ன, வேகாவிட்டால் என்ன. நான் மாட்டவே மாட்டேன் என்றேன். இதற்குள் இரண்டு விரல் என்றிருந்த பேச்சு முட்டிக்குக் கீழே என்று ஏறிவிட்டது. "ஒத்தக் காலு வெச்சிக்கினு வரப்புல எப்டிடி நிப்பேன்?" என்று கேட்டார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வேலை சொல்கிற விவசாயியை எங்கள் கொம்யூன் பஞ்சாயத்து ஊர்கள் எதிலுமே நான் பார்த்ததில்லை.

பிறகு திடீரென்று நச்சரிப்பு நின்றது. மனம் சமாதானமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். காலையில் நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது அவருடைய பங்காளி வருவார், நான் திரும்பும்போதுதான் போவார். தூரத்து அண்ணன் தம்பி முறை, இவரைவிடக் கொஞ்சம் இளையவர், போர்செட் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். என்னை அண்ணி என்பார். புண்ணுக்குக் கட்டு நானே மாற்றிவிடுகிறேன் அண்ணி, நீங்கள் களைத்துப்போய் வருகிறீர்கள் என்றார். எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. வீட்டில் நொச்சி வாசனை வந்திருக்கும். ஆனால் என் புடவை, என் பை, என் தலைமுடி எல்லாமே எப்போதும் அந்த வாசனைதான். என் மூக்குக்கு அது பழகிச் செத்துப்போயிருந்தது.

மாசியில் ஒரு காலை அவருக்குக் குளிர்க் காய்ச்சல் தூக்கிப்போட்டது. கட்டைப் பிரித்தேன். பாதம் கறுத்திருந்தது, கறுப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. துணி ஈரமாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய பிராந்தி பாட்டிலில் கலங்கலாகத் தண்ணீர். மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனபோதுதான் எனக்குப் புரிந்தது. பங்காளிக்குப் போன் போட்டேன், அவர்தான் ஆட்டோ கொண்டுவந்தார்.

பாண்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துப் பங்காளியிடம் பாட்டிலைக் காட்டிக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. பெருமையாகத்தான் சொன்னார்.

"அண்ணன்தான் சொல்லிச்சி அண்ணி. உங்க லேப்புல எப்டி எறக்குவீங்கன்னு படம்லாம் வரைஞ்சி காமிச்சிச்சி. பார்த்தா நம்ம பழைய தொழிலு."

பழைய தொழில் என்றால் சாராயம். இளவயதில் கரும்புக் கொல்லைக்குள் பானை வைத்துக் காய்ச்சியவர் அவர், போலீஸ் ஒருமுறை பிடித்துப்போன பிறகு விட்டுவிட்டார். ஊருக்கே தெரியும். போர்செட் கொட்டகையில் பழைய பானையைத் தேடி எடுத்து, நொச்சியைப் போட்டு, குழாய் வைத்து இறக்கியிருக்கிறார்கள். இவர் கட்டுப் போட்ட காலோடு பக்கத்தில் உட்கார்ந்து அடுப்புத் தள்ளியிருக்கிறார்.

"முதல்ல வர்றத்த கீழ வுட்டுட்டேன் அண்ணி. அது ஆவாது, எப்பவுமே முதல்ல வர்றது வெசம், கண்ணு பூடும். அப்பறமா வந்ததுல மேலால ஏடு மாதிரி ஒன்னு கட்டிச்சி. பிசுபிசுன்னு. கால்ல ஊத்தறதாச்சே, சுத்தமா இருக்கணும்ல? நல்ல துணியா நாலா மடிச்சி வடிகட்டிட்டுதான் பாட்டில்ல ஊத்துனேன்."

"அந்தத் துணி?"

"அழுக்குத் துணி அண்ணி. தூக்கிப் போட்டுட்டேன்."

நான் பாட்டிலை மறுபடி பைக்குள் வைத்தேன். சாராயத்தில் தள்ள வேண்டியதுதான் இதில் எடுக்க வேண்டியது. இத்தனை சாக்குத் தழைக்கும் சொட்டிய எண்ணெயெல்லாம் போர்செட் மண்ணிலும் அந்தத் துணியிலும் போயிருந்தது. இவர் புண்ணில் தினமும் ஊற்றியது நாங்கள் தொட்டியில் கொட்டுகிற தண்ணீர். பங்காளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சாராயம் காய்ச்சிய காலத்தில் ஒருத்தருக்கும் கண் போனதில்லை என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கவனத்தைத்தான் அண்ணனுக்கும் காட்டியிருந்தார். "நல்லா பண்ணீங்க தம்பி" என்றேன். வேறு என்ன சொல்வது.

உள்ளே டாக்டர் முட்டிக்கு மேலே எடுக்க வேண்டும் என்றார், இன்றைக்கே எடுக்க வேண்டும் என்றார். இவர் காய்ச்சலில் கண் சிவந்து படுத்திருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"உனக்குத் தெரியாம உன் எண்ணெய ஊத்திப் பார்த்தேன்டி."

"தெரியும்."

"நீ சொன்னா மாதிரிதான். ஒன்னும் வேல செய்யல."

அந்த நேரத்தில் எனக்கு வாய்வரை வந்தது. அது எண்ணெயே இல்லை, வெறும் தண்ணீர், எண்ணெயை உங்கள் பங்காளி வடிகட்டித் தூக்கிப்போட்டுவிட்டார் என்று. சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. எனக்கு அவரைத் தெரியாதா? "அப்ப நெஜமான எண்ணெய எடுத்தா, ரெண்டு நாளு போட்டுப் பார்ப்போம்" என்பார். ஆபரேஷனுக்குத் தலையாட்டமாட்டார். ரெண்டு நாள் அவரிடம் இல்லை.

"ஆமாங்க" என்றேன். "வேலை செய்யாது. தட்டுலதான் செய்யும்."

அவர் என்னைப் பார்த்தார். எனக்காக வருத்தப்படுகிறார் என்று தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை. கால் போகப்போகிறவர், இத்தனை வருஷம் என் பெண்டாட்டி ஒன்றுமில்லாததைப் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று எனக்காக வருத்தப்பட்டார். என் கையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு டாக்டரைப் பார்த்து, "எடுத்துடுங்க சார்" என்றார்.

எடுத்தார்கள். ஆனால் விஷம் அதற்குள் ரத்தத்தில் ஏறியிருந்தது. அதன் பிறகு அவர் கண் விழித்துப் பேசவேயில்லை. சில நாள் மிஷினில் கிடந்தார், போய்விட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் பங்காளிதான் கொள்ளி வைத்தார். மொட்டை போட்ட தலையோடு என் முன்னால் வந்து நின்று, "என்னால முடிஞ்சத்த செஞ்சேன் அண்ணி" என்று அழுதார். அவருக்கு நான் இன்றுவரை எதுவும் சொல்லவில்லை. இனியும் சொல்லப்போவதில்லை.

காரியம் முடிந்து கல்லூரிக்குப் போன முதல் நாள் அந்தப் பிராந்தி பாட்டிலைப் பையில் வைத்து எடுத்துப்போனேன். அவருடைய கிருமியைக் கிளிசரினில் போட்டு ஒரு சின்னக் குப்பியில் ஃப்ரீசரில் வைத்திருந்தேன், எந்தக் கிருமியையும் வைப்பதுபோல. அதை எடுத்து வளர்த்துத் தட்டில் பூசினேன். ஒரு பக்கம் பாட்டில் தண்ணீரில் நனைத்த வட்டம், இன்னொரு பக்கம் என் எண்ணெய். எதற்குச் செய்தேன் என்று கேட்டால் எனக்கு வேறெதுவும் செய்யத் தெரியாது.

எண்ணெயைச் சுற்றி வளையம் வந்தது. முன்பு வந்த அதே அளவு. தண்ணீரைச் சுற்றி வளையம் இல்லை. அதோடு நிற்கவில்லை, அந்த வட்டத்திலிருந்தே பச்சை நிறமாக வேறொரு கிருமி கிளம்பிப் படர்ந்திருந்தது. பழைய பாட்டிலில் தேங்கிய தண்ணீரில் அது குடியேறியிருக்கிறது. சுத்தமாக இருக்க வேண்டும் என்று நாலாக மடித்து வடிகட்டிய தண்ணீர். அதைத் தினமும் புண்ணில் ஊற்றியிருக்கிறார்கள். தட்டை மூடி வைத்துவிட்டு, கை கழுவும் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி அழுதேன்.

நானே உண்மையான எண்ணெயைக் காய்ச்சிக் கொடுத்திருந்தால் கால் நின்றிருக்குமா? நின்றிருக்காது. எனக்கு அது நன்றாகத் தெரியும், எந்தப் பரீட்சையிலும் எழுதிக் காட்டுவேன். நான் சொன்னது ஒன்றுகூடத் தப்பில்லை. எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன், சரியான நேரத்தில் சொன்னேன். சரியாகச் சொன்ன எதுவும் ஒரு விரலைக்கூடக் காப்பாற்றவில்லை. அவர் கேட்ட கேள்விக்கும் இன்னும் பதில் இல்லை. இன்னாத்துக்குடி செஞ்சிக்கினு இருக்கற? சம்பளம் வருகிறது, செய்கிறேன். கரும்புக் கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். தழையை இப்போது கல்லூரித் தோட்டக்காரர் எங்கிருந்தோ கொண்டுவருகிறார்.

சாயங்காலம் வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது கை தானாகப் போனை எடுக்கிறது. எத்தனை செத்தது என்று கேட்க ஆள் இல்லை. போனை சுவிட்ச் பெட்டிமேல் வைத்துவிட்டு விளக்குப் போடுகிறேன்.

அந்தக் குப்பி மட்டும் ஃப்ரீசரில் இருக்கிறது. அவருடைய உடம்பு எரிந்துபோயிற்று. அந்த உடம்பில் குடியிருந்து, அதைத் தின்று வளர்ந்தது மட்டும் உயிரோடு இருக்கிறது. வகுப்புக்கு மிக நல்ல கிருமி அது, மருந்துகளுக்கு அசையாது, நொச்சிக்கு அழகாக வளையம் விடும். ஒவ்வொரு பருவமும் ஆய்வக வகுப்பு முடிந்ததும் அதை ஆட்டோகிளேவ் என்கிற பெரிய பிரஷர் குக்கரில் வைத்துக் கொன்றுவிட வேண்டும் என்றுதான் எடுக்கிறேன். ஒரு குக்கர் சோறு வேகிற நேரத்தில் முடிந்துவிடும்.

போன வாரமும் அப்படித்தான் எடுத்தேன். பிள்ளைகள் தட்டைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசைப் பெண் ஒருத்தி, பாகூர்க்காரி, எதையும் விடாமல் கேட்கிறவள், வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், இந்தக் கிருமி எங்கேந்து எடுத்தது?"

"ஏம்பலத்துல ஒருத்தர் கால் புண்ணுல இருந்து."

"இவ்ளோ நல்லா வேலை செய்யுதே. அவருக்குச் சரியாயிடுச்சா மேடம்?"

"இல்லம்மா" என்றேன். அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். மணி அடித்தது, பிள்ளைகள் போனார்கள். ஆட்டோகிளேவில் தண்ணீர் ஊற்றினேன். குப்பி கையில் சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, இளகிவிடும் முன்னால் மறுபடி ஃப்ரீசரில் கொண்டுபோய் வைத்தேன்.